கட்டணமில்லாக் கல்விக்கூடம்

நுழையும்முன்

கல்வி கற்கப் பள்ளிக்குச் செல்கிறோம். பள்ளியில் இல்லாத பாடத்தைக் கற்க விரும்பினால் எங்கே செல்வது? செயற்கை நுண்ணறிவு, கணினி அறிவியல் ஆகிய துறைகளை நாட்டின் சிறந்த பேராசிரியர்களிடம் கட்டணமின்றிக் கற்கும் வாய்ப்பு இன்று இணையத்தில் உள்ளது. அவ்வாய்ப்பு எவ்வாறு உருவாயிற்று? அதனை நாம் எவ்வாறு பயன்படுத்துவது? இவற்றை விளக்குகிறது இப்பாடம்.

அல்சூரும் கல்விக்கொடையும்

மாணவர்களே! நாம் வாழும் அல்சூரைக் கன்னடத்தில் ஹலசூரு என்பர். ஏரிக்கரையில் பலாத்தோப்புகள் இருந்தமையால் இப்பெயர் வந்தது என்று கூறுவர். 1809ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் இப்பகுதியில் படைவீரர் குடியிருப்பை அமைத்தனர். நம் முன்னோர் அதனைத் ‘தண்டு’ என்று அழைத்தனர். படைவீரர்களாகவும், கட்டடத் தொழிலாளர்களாகவும், வணிகர்களாகவும் தமிழர் பலர் இங்கு வந்து குடியேறினர். இன்றும் வேலை தேடி வரும் குடும்பங்களை இவ்வூர் ஏற்றுக்கொள்கிறது.

அவ்வாறு வாழ்ந்த தமிழருள் ஒருவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். இவர் 1827 முதல் 1910 வரை வாழ்ந்தவர். கர்நாடக உயர்நீதிமன்றம் இயங்கும் அத்தாரா கச்சேரி என்னும் செந்நிறக் கட்டடத்தைக் கட்டிய பெருமை இவருக்கு உண்டு. பொருள் ஈட்டியதோடு இவர் நிறைவடையவில்லை. ஏழைப் பிள்ளைகளும் கற்க வேண்டும் என்று எண்ணி 1873ஆம் ஆண்டில் பள்ளியைத் தொடங்கினார். அவர் பெயரால் அமைந்த கல்வி அறநிலையம் அல்சூர் ஏரியின் அருகே இன்றும் கல்விப்பணி ஆற்றி வருகிறது.

பொருளில்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் கல்வி தடைப்படலாகாது என்பதே அவ்வறத்தின் அடிப்படை. அதே எண்ணம், நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின்னர், வேறொரு வடிவில் இந்நகரிலும் நாட்டின் பிற நகரங்களிலும் தழைத்தது. அவ்வடிவமே இணையவழிக் கல்வி.

எட்டு நிறுவனங்கள் இணைந்த திட்டம்

பெங்களூரில் 1909ஆம் ஆண்டில் தோன்றியது இந்திய அறிவியல் கழகம். ஜாம்செட்ஜி டாட்டாவின் முயற்சியாலும் மைசூர் அரசு அளித்த நிலக்கொடையாலும் உருவானமையால், ஊர்மக்கள் இதனை ‘டாட்டா இன்ஸ்டிட்யூட்’ என்றே அழைக்கின்றனர். அல்சூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இக்கழகம் உள்ளது. ஆயினும், அதன் வகுப்பறையில் அமரும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிடைக்கும். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் நிலையும் அதுவே. இடங்கள் சில; விரும்புவோரோ பல இலட்சம் பேர்.

‘வகுப்பறையில் இடம் குறைவு. ஆனால், வகுப்பறையில் நடக்கும் பாடத்தை ஏன் எல்லாருக்கும் வழங்கக்கூடாது?’ என்னும் வினா எழுந்தது. அதன் விடையாக 2003ஆம் ஆண்டில் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. சென்னை, மும்பை, தில்லி, கான்பூர், கரக்பூர், கௌகாத்தி, ரூர்க்கி ஆகிய ஏழு இடங்களிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இதில் இணைந்தன. நடுவண் அரசு நிதி வழங்கியது. தொழில்நுட்பம் வழிக் கற்றலுக்கான இத்தேசியத் திட்டத்தை ‘என்.பி.டி.இ.எல்.’ என்று சுருக்கமாக அழைப்பர்.

பேராசிரியர்கள் நடத்திய பாடங்கள் காணொலிகளாகப் பதிவு செய்யப்பட்டன. அவற்றை எவரும் பார்க்கலாம், கட்டணம் இல்லை, நுழைவுத்தேர்வும் இல்லை. 2014ஆம் ஆண்டு முதல் இத்திட்டம் சான்றிதழ்ப் படிப்புகளையும் வழங்கி வருகிறது. அப்படிப்புகள் 4 வாரம், 8 வாரம், 12 வாரம் எனப் பல கால அளவுகளில் அமைந்துள்ளன. வாரந்தோறும் காணொலிகள் வெளிவரும். அவற்றை ஒட்டி ஒப்படைப்புகள் தரப்படும். பாடத்தைக் கற்கக் கட்டணம் இல்லை. இறுதித் தேர்வை மையத்திற்குச் சென்று எழுதிச் சான்றிதழ் பெற விரும்புவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்துவர்.

2017ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடுவண் அரசு ‘ஸ்வயம்’ என்னும் இணையத்தளத்தைத் தொடங்கியது. மேற்கூறிய படிப்புகளும் பள்ளி, கல்லூரிப் பாடங்கள் பலவும் இன்று அத்தளத்தின் வழியாகக் கிடைக்கின்றன.

சென்னைக் கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தான் மொழியில் நிரல் எழுதுவதைக் கற்பிக்கும் படிப்பும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் பலராமன் ரவீந்திரன் இயந்திரக் கற்றலைக் கற்பிக்கும் படிப்பும் அவற்றுள் அடங்கும். அக்கழகங்களின் வாயிலையே காணாத மாணவர்களும் இவர்தம் பாடங்களைக் கேட்கின்றனர்.

தெரிந்து கொள்வோம்

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடக்குறிப்புகளை இணையத்தில் கட்டணமின்றி வெளியிடப் போவதாக 2001ஆம் ஆண்டில் அறிவித்தது. 2011ஆம் ஆண்டு அக்டோபரில் செபாஸ்டியன் துருன், பீட்டர் நார்விக் ஆகிய இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை உலகிற்கே கட்டணமின்றி நடத்தினர். ஏறத்தாழ 1,60,000 பேர் அதில் பதிவு செய்தனர். அதே அக்டோபரில்தான் ஹலசூரு நிலையத்தின் வழியே நம் நகரின் முதல் மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது.

கணினி அறிவியல் என்பது யாது?

கணினியை இயக்கத் தெரிவதும் கணினி அறிவியலும் ஒன்றல்ல. ஒரு சிக்கலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, குறைந்த முயற்சியில் தீர்க்கும் வழியைக் கண்டறிவதே கணினி அறிவியலின் உயிர்நாடி. அத்தகைய படிநிலைத் தீர்வை ‘நெறிமுறை’ என்பர்.

ஒரு விளையாட்டின் வழியே இதனைக் காண்போம். திருக்குறளில் 1330 குறள்கள் உள்ளன. உங்கள் தோழி அவற்றுள் ஒரு குறளின் எண்ணை மனத்தில் நினைத்துக்கொள்கிறாள். நீங்கள் அதனைக் கண்டறிய வேண்டும். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விடை கூறத்தக்க வினாக்களையே கேட்கலாம்.

‘ஒன்றா? இரண்டா? மூன்றா?’ என்று வரிசையாகக் கேட்டால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வினாக்கள் தேவைப்படலாம். மாறாக, ‘அவ்வெண் 665ஐ விடப் பெரியதா?’ என்று கேளுங்கள். விடை எதுவாயினும், மீதமுள்ள எண்கள் பாதியாகிவிடும். அடுத்த வினாவில் அப்பாதியும் பாதியாகும். 1330 என்பது 665, 333, 167, 84, 42, 21, 11, 6, 3, 2, 1 எனக் குறைந்துகொண்டே வரும். பதினொரே வினாக்களில் விடை கிடைத்துவிடும்!

இன்னொரு வியப்பையும் காணுங்கள். குறள்களின் எண்ணிக்கை இருமடங்காகி 2660 ஆனாலும் வினாக்கள் இருமடங்காவதில்லை; ஒன்றே ஒன்றுதான் கூடும். இதற்குக் கணினியே தேவையில்லை, சிந்தனை போதும். இம்முறையை ‘இருமத் தேடல்’ என்பர். அகராதியில் சொல் தேடும்போது நடுப்பக்கத்தைத் திறந்து, ‘முன்னரா? பின்னரா?’ என்று பார்க்கிறோம் அல்லவா? அதுவும் இதுவே.

இயந்திரம் கற்பது எவ்வாறு?

மேற்கண்ட விளையாட்டில் ஒவ்வொரு படியையும் மனிதரே எழுதிக் கொடுக்கின்றனர். ஆனால், சில வேலைகளுக்குப் படிகளை எழுதுவது கடினம். ஒரு குரலைக் கேட்டு அது கூறும் சொல்லை அறிவது, ஒரு படத்தைக் கண்டு அது பூனையா, நாயா என்று கூறுவது போன்றவை அத்தகையன. அங்கே விதிகளை எழுதுவதற்கு மாறாக, எடுத்துக்காட்டுகளைக் கொடுத்து இயந்திரத்தையே விதியைக் கண்டறியச் செய்கின்றனர். இதுவே ‘இயந்திரக் கற்றல்’. இன்றைய செயற்கை நுண்ணறிவின் பெரும்பகுதி இவ்வடிப்படையில் அமைந்தது.

கடைத்தெருவில் பூ வாங்குவதாகக் கொள்வோம். 2 முழம் பூவின் விலை 60 ரூபாய். 3 முழம் பூவின் விலை 90 ரூபாய். ஒரு முழத்தின் விலையை இயந்திரம் அறியாது. ஆகவே, ‘10 ரூபாய்’ என்று ஓர் ஊகத்துடன் தொடங்குகிறது. இந்த ஊக எண்ணை ‘எடை’ என்பர். அதற்கு நாம் தரும் விதி ஒன்றே: ‘உண்மை விலைக்கும் உன் ஊக விலைக்கும் உள்ள வேறுபாடே பிழை. அப்பிழையை முழத்தால் பெருக்கி, அதில் பத்தில் ஒரு பங்கை எடையுடன் கூட்டுக.’

முதற்படி: 2 முழத்திற்கு ஊகம் 2 × 10 = 20 ரூபாய். உண்மை விலை 60. பிழை 40. 40 × 2 = 80; அதில் பத்தில் ஒரு பங்கு 8. புதிய எடை 18.

இரண்டாம் படி: 3 முழத்திற்கு ஊகம் 3 × 18 = 54. உண்மை விலை 90. பிழை 36. 36 × 3 = 108; அதில் பத்தில் ஒரு பங்கு 10.8. புதிய எடை 28.8.

மூன்றாம் படி: மீண்டும் 2 முழம். ஊகம் 57.6. பிழை 2.4 மட்டுமே. புதிய எடை 29.28.

நான்காம் படி: மீண்டும் 3 முழம். ஊகம் 87.84. பிழை 2.16. புதிய எடை 29.928.

நான்கே படிகளில் எடை 30ஐ நெருங்கிவிட்டது. இனி, ‘5 முழம் எவ்வளவு?’ என்று கேட்டால், ஏறத்தாழ 150 ரூபாய் என்று இயந்திரம் கூறிவிடும். 5 முழத்தின் விலையை நாம் அதற்குச் சொல்லவே இல்லை என்பதைக் கருதுக.

‘60ஐ 2ஆல் வகுத்தால் உடனே விடை கிடைக்குமே! இத்தனை படிகள் எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வினா. பூவின் விலை முழத்தை மட்டும் பொறுத்ததன்று. பூவின் வகை, மழை, திருவிழா, நாள், நேரம் எனப் பல காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை தேவைப்படும். அப்போது ஒரே வகுத்தலால் விடை காண இயலாது. ஆனால், ‘ஊகி, பிழையை அள, சிறிது திருத்து’ என்னும் முறை அங்கும் பயன்படும். நம்முடன் உரையாடும் பெரிய மொழி இயந்திரங்களில் இத்தகைய எடைகள் கோடிக்கணக்கில் உள்ளன. அவை திருந்துவதும் இவ்வடிப்படையிலேதான்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். ஒன்று, இயந்திரம் கற்பது மந்திரமன்று, கணிதம். மற்றொன்று, எடுத்துக்காட்டுகள் தவறானால் இயந்திரம் கற்பதும் தவறாகும். விலையைத் தவறாகச் சொன்னால் தவறான எடையையே அது கண்டறியும்.

எங்கிருந்து தொடங்குவது?

மேற்கூறிய தேசியத் திட்டத்தின் படிப்புகளுள் பெரும்பாலானவை கல்லூரி மாணவர்களுக்கு உரியவை. ஏணியின் மேற்படியில் நேராகக் கால் வைக்க இயலாது. ஆகவே, பள்ளி மாணவர் கீழ்வரும் வரிசையைப் பின்பற்றலாம்.

முதலில் ‘ஸ்கிராச்’. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகி 2007ஆம் ஆண்டில் வெளிவந்த இம்மொழியில் எழுத்துகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல் உருவாகும். கதைகளையும் விளையாட்டுகளையும் இதில் படைக்கலாம்.

அடுத்து ‘பைத்தான்’. எளிய சொற்களால் எழுதப்படும் இந்நிரல்மொழியே செயற்கை நுண்ணறிவுத் துறையில் மிகுதியாகப் பயன்படுகிறது. நாம் மேலே கண்ட பூ விலைக் கணக்கைப் பைத்தானில் பத்து வரிகளுக்குள் எழுதிவிடலாம்.

மூன்றாவது, பள்ளிக் கணிதம். சராசரி, நிகழ்தகவு, வரைபடம், இயற்கணிதம் ஆகிய பாடங்களே இயந்திரக் கற்றலின் வேர்கள். ‘கணிதம் எதற்கு?’ என்ற ஐயம் எழும்போதெல்லாம் பூ விலைக் கணக்கை நினைவுகூர்க.

நான்காவதாகவே இயந்திரக் கற்றல் படிப்புகள் வரும். நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2019-20 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவை ஒரு விருப்பப் பாடமாக அறிமுகம் செய்தது. அப்பாடநூலும் நல்ல துணையாகும்.

மொழி ஒரு தடையா?

இணையவழிப் படிப்புகளுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் கேட்டு வளரும் நமக்கு, புதிய கருத்தையும் புதிய சொல்லையும் ஒருசேரப் புரிந்துகொள்வது சுமையாகத் தோன்றலாம். அச்சுமையைக் குறைக்கும் முயற்சிகள் பல உள்ளன.

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ‘ஸ்போக்கன் டியூட்டோரியல்’ என்னும் திட்டத்தை உருவாக்கியது. கட்டற்ற மென்பொருள்களைப் பத்து நிமிட அளவிலான காணொலிகளாகப் பிரித்துக் கற்பிப்பது இதன் முறை. திரையில் ஆங்கிலம் தெரியும். விளக்கம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஒலிக்கும். காணொலியைக் கண்டவாறே நாமும் செய்து பார்க்கலாம்.

2012ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கணியம்’ என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. இதன் வழியே கணினித் துறை நூல்கள் மின்னூல்களாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முத்து அண்ணாமலை என்னும் பொறியாளர் ‘எழில்’ என்னும் நிரல்மொழியைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டே உருவாக்கினார். நிரல் எழுதும் சிந்தனை எந்த ஒரு மொழிக்கும் உரிமையுடையதன்று என்பதை அது காட்டுகிறது. 2023ஆம் ஆண்டு சூலையில் நடுவண் அரசின் திறன் வளர்ப்புத் துறை, சென்னையைச் சார்ந்த ‘குவி’ நிறுவனத்துடன் இணைந்து, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியை ஒன்பது இந்திய மொழிகளில் கட்டணமின்றித் தொடங்கியது.

தாய்மொழியில் கருத்தைப் புரிந்துகொண்டு, பின்னர் ஆங்கிலச் சொல்லை அறிந்தால் இரண்டும் நிலைக்கும். ஆந்திரத்தின் காட்டூர் என்னும் சிற்றூரில் 1937ஆம் ஆண்டில் பிறந்தவர் ராஜ் ரெட்டி. இவர் சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று, மனிதர் பேச்சைக் கணினி அறியும் முறைகளை ஆராய்ந்தார். கணினி அறிவியலின் மிக உயர்ந்த விருதாகிய டூரிங் விருதினை 1994ஆம் ஆண்டில் எட்வர்டு ஃபைகன்பாமுடன் இணைந்து பெற்றார். சிற்றூரில் பிறந்ததோ, ஆங்கிலம் பிறகு வந்ததோ அவருக்குத் தடையாகவில்லை.

தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர்

இதுவரை நன்மைகளைக் கண்டோம். இனி ஒரு கசப்பான உண்மையையும் காண்போம். ஸ்டான்ஃபோர்டு நடத்திய அப்பாடத்தில் 1,60,000 பேர் பதிவு செய்தனர் அல்லவா? அவர்களுள் இறுதிவரை கற்று முடித்தவர் ஏறத்தாழ இருபதாயிரம் பேரே. எட்டுப் பேருள் ஒருவர் என்னும் அளவு. இணையவழிப் படிப்புகள் பலவற்றின் நிலையும் இதுவே.

காரணம் அறிவுக் குறைவன்று. வகுப்பறையில் மணி அடிக்கும். ஆசிரியர் பெயர் சொல்லி அழைப்பார். பக்கத்து இருக்கையில் தோழர் இருப்பார். இணையத்தில் இவை எவையும் இல்லை. காணொலியை நிறுத்திவிட்டு எழுந்து சென்றால், ‘எங்கே சென்றாய்?’ என்று கேட்பார் எவரும் இல்லை. மேலும், நம்முள் பலர் வீட்டில் ஒரே கைப்பேசி இருக்கும். வேலைக்குச் சென்ற தந்தை இரவில் திரும்பும்வரை அது வீட்டிற்கு வாராது. தம்பிக்கும் அது வேண்டும். அம்மாவிற்கும் அது வேண்டும். பாடம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதனைக் கற்கும் நேரமும் இடமும் கட்டணமின்றிக் கிடைப்பதில்லை.

எனில், என் செய்வது? மங்கோலியா நாட்டின் தலைநகரான உலான்பாத்தரில் நிகழ்ந்த ஒன்று நமக்கு வழிகாட்டும். 2012ஆம் ஆண்டில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் மின்சுற்றுகள் பற்றிய தன் பாடத்தை இணையத்தில் கட்டணமின்றி நடத்தியது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் பதிவு செய்தனர். முழு மதிப்பெண் பெற்றவர் 340 பேர். அவர்களுள் ஒருவர் பத்துஷிக் என்னும் 15 வயதுப் பள்ளி மாணவர். அடுத்த ஆண்டில் அக்கழகத்திலேயே மாணவராகச் சேர்ந்தார்.

அவரது வெற்றிக்கு இணையம் மட்டும் காரணமன்று. அவர் பள்ளியின் தலைமையாசிரியர் அப்பாடத்தை மாணவர் குழுவாகச் சேர்ந்து கற்குமாறு ஊக்கப்படுத்தினார். ஆய்வுக் கருவிகள் பள்ளிக்கு வரவழைக்கப்பட்டன. திரையில் கண்டதை அம்மாணவர்கள் கையால் செய்து பார்த்தனர். தொலைவிலுள்ள பேராசிரியரின் பாடமும் அருகிலுள்ள ஆசிரியரின் துணையும் தோழர்களின் உடனிருப்பும் சேர்ந்தபோதே கற்றல் நிறைவு பெற்றது.

நாமும் அவ்வாறு செய்யலாம். மூவர் அல்லது நால்வர் சேர்ந்த குழு ஒன்றை அமைக்கலாம். வாரத்தில் இரண்டு நாள், ஒரு குறித்த நேரம் என வரையறுக்கலாம். பள்ளிக் கணினிக்கூடத்தை வகுப்பு முடிந்தபின் பயன்படுத்த ஆசிரியரிடம் இசைவு கேட்கலாம். ஒரு காணொலியைக் கண்டபின், ஒருவர் மற்றவருக்கு அதனைத் தமிழில் விளக்கிச் சொல்லலாம். விளக்க இயலவில்லை எனில், நமக்குப் புரியவில்லை என்பது தெளிவு; மீண்டும் காண்போம். கைப்பேசி கிடைக்காத நாளில் நெறிமுறையைத் தாளில் எழுதிப் பழகலாம். குறள் விளையாட்டுக்கும் பூ விலைக் கணக்கிற்கும் தாளும் எழுதுகோலும் போதுமே!

‘இலவசம்’ என்னும் சொல்லை ஆராய்க

கட்டணமில்லை என்று கூறும் எல்லாத் தளங்களும் ஒரே வகையின அல்ல. சில தளங்கள் முதற்பாடத்தை மட்டும் கட்டணமின்றித் தந்து, பின்னர்ப் பணம் கேட்கும். சில, பாடத்தைத் தந்துவிட்டுச் சான்றிதழுக்குக் கட்டணம் பெறும். இது தவறன்று, ஆனால், முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். வேறு சில, பாடத்தை விட நம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பெறுவதிலேயே ஆர்வம் காட்டும். ஆகவே, பெற்றோர் அல்லது ஆசிரியரின் துணையுடனேயே பதிவு செய்க. வங்கி விவரத்தையோ கடவுச்சொல்லையோ எவருக்கும் தராதீர்கள்.

சான்றிதழைப் பற்றியும் தெளிவு வேண்டும். சான்றிதழ், நாம் ஒரு பாடத்தைக் கற்றோம் என்று சொல்லும் தாள். கற்றதைக் காட்டுவது நாம் எழுதும் நிரலே. ஒப்படைப்பின் விடையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமே கேட்டு எழுதுவது எளிது. ஆனால், நாம் கண்டது போல், பிழையை அளந்து திருத்திக்கொள்ளும்போதுதான் இயந்திரமும் கற்கிறது. நம் பிழைகளை நாமே செய்து, நாமே திருத்தாவிடில் நாம் எவ்வாறு கற்போம்?

தமிழறிந்தவரால் ஆவது

‘கணினி கற்கத் தமிழ் எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். இயந்திரம் எடுத்துக்காட்டுகளிலிருந்தே கற்கும் என்பதை அறிந்தோம். இணையத்தில் ஆங்கில எழுத்துகள் மலையளவு; தமிழ் எழுத்துகளோ அதனோடு ஒப்பிட மிகச் சில. ஆதலால், ஆங்கிலத்தை நன்கு அறிந்த இயந்திரம் தமிழில் தடுமாறுகிறது. நம் ஊரை ‘அல்சூர்’ என்றும் ‘அலசூர்’ என்றும் ‘ஹலசூரு’ என்றும் எழுதுகிறோம். மூன்றும் ஒன்றே என்பது இங்கு வாழும் நமக்குத் தெரியும். எவரேனும் எடுத்துக்காட்டுகளைத் தந்தாலன்றி இயந்திரத்திற்குத் தெரியாது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘ஏ.ஐ.ஃபார்பாரத்’ என்னும் ஆய்வுக்கூடம் இந்திய மொழிகளுக்குரிய எழுத்துத் தரவுகளையும் குரல் தரவுகளையும் திரட்டி வருகிறது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் மொழிபெயர்ப்பு செய்யவல்ல நிரலை 2023ஆம் ஆண்டில் அது வெளியிட்டது. அந்நிரலையும் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இத்தகைய பணிக்குக் கணினி அறிந்தவரும் வேண்டும். மொழி அறிந்தவரும் வேண்டும். தமிழையும் கன்னடத்தையும் ஒருசேர அறிந்து, கணினியும் கற்றவர் ஒருவர் கிடைத்தால் அவர் அரியவர். அத்தகையோர் அல்சூர்த் தெருக்களிலிருந்து தோன்றுதல் இயல்பே.

அல்சூர் ஏரியின் அருகே 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை உள்ளது. அவ்வழியே செல்லும்போது, 1330 குறள்களுள் ஒன்றைப் பதினொரு வினாக்களில் கண்டறியும் முறையை உங்கள் தம்பி தங்கையருக்குச் சொல்லிக் கொடுங்கள். கட்டணமின்றிப் பெற்ற கல்வியைக் கட்டணமின்றிப் பகிர்வதே நாம் அதற்குச் செய்யும் கைம்மாறு.

சொற்பொருள்

அறநிலையம் – அறப்பணிக்காக நிறுவப்பட்ட அமைப்பு
தண்டு – படை, படைவீரர் தங்குமிடம்
நெறிமுறை – சிக்கலைத் தீர்க்கும் படிநிலை வழி
தரவு – ஆய்வுக்குத் திரட்டிய செய்தி
ஊகம் – உய்த்துணர்ந்து கூறும் விடை
இசைவு – ஒப்புதல்
கைம்மாறு – செய்த உதவிக்குச் செய்யும் பதிலுதவி

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. இந்திய அறிவியல் கழகம் ______ ஆம் ஆண்டில் பெங்களூரில் தோன்றியது.
2. உண்மை விலைக்கும் ஊக விலைக்கும் உள்ள வேறுபாடு ______ எனப்படும்.
3. தமிழ்ச் சொற்களால் அமைந்த நிரல்மொழி ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஆற்காடு நாராயணசாமி முதலியார் பள்ளி தொடங்கியதன் நோக்கம் யாது?
2. இணையவழிப் படிப்பைத் தொடங்குவோருள் பலர் முடிப்பதில்லை. ஏன்?
3. இயந்திரம் தமிழில் தடுமாறுவதற்குக் காரணம் என்ன?

இ. விரிவாக விடை எழுதுக.

உலான்பாத்தர் மாணவரின் வெற்றிக்குத் துணைநின்றவை யாவை? அவற்றுள் உங்கள் பள்ளியில் செய்யத்தக்கவற்றை எழுதுக.

ஈ. சேர்த்து எழுதுக.

1. இணையம் + வழி
2. கல்வி + கூடம்
3. தாய் + மொழி

உ. செய்து பார்ப்போம்.

1. பூ விலைக் கணக்கில் 10 ரூபாய்க்கு மாறாக 50 ரூபாய் என்னும் ஊகத்துடன் தொடங்குக. ஊகம் உண்மை விலையை விட மிகுதியானால், விதியில் ‘கூட்டுக’ என்பதற்கு மாறாகக் கழிக்க வேண்டும். இரண்டு படிகளுக்குப்பின் எடை எவ்வளவு ஆகிறது? அது 30ஐ நெருங்குகிறதா?
2. உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களுள் ஒன்றை இருமத் தேடலால் கண்டறிய எத்தனை வினாக்கள் தேவை? கணக்கிட்டு, தோழருடன் விளையாடிச் சரிபார்க்க.
3. உங்கள் தெருவில் வழங்கும் ஊர்ப்பெயர், உணவுப்பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி இருபது சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை உருவாக்குக. வீட்டிலுள்ள பெரியோரிடம் காட்டிப் பிழை திருத்துக.